கேஸ் மாத்திரையெல்லாம் மாத்திரையா

என் அப்பாவின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு முடிவு உண்டு. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. வீட்டில் யாருக்கு எந்த ரத்தப் பிரிவு என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்த, யாரும் இரண்டாம் முறை சோதித்துப் பார்க்காத தகவல்.

நடந்தது இதுதான். இருபத்து நான்கு வயதில், தாலுகா ஆபீசில் கிடைத்திருந்த இளநிலை உதவியாளர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று சென்னைக்கு ரயிலேறினேன். அந்த மாதம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை வருஷம் கழித்து மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள், முற்றிய புற்றுநோய் என்று சொல்லி அப்படியே மூடித் தைத்து அனுப்பினார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. காரியம் முடிந்த அன்று அக்கா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீ வேலைய விட்டுட்டுப் போன கவலைதாம்லே அவியளுக்கு வயித்துல புண்ணா இருந்து அரிச்சிருச்சு."

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். ஒரு தடவை சொன்னால் மனப்பாடம் ஆகிவிடும். நகைச்சுவை எழுதக் கிளம்பியவர்களில், முதல் துணுக்கு அச்சாகும் முன்பே ஒருவரைக் கொன்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சென்னை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. திரும்பி வந்து ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற ஃபேக்டரி ஒன்றில் சேர்ந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறேன். மடித்துப் பாக்கெட் போட்ட துணியை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய இரும்பு அண்டாவுக்குள் ஏற்றி, நீராவியில் வேகவைத்து எடுப்போம். பாக்கெட்டின் மேல் ஒட்டிய டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். போதுமான சூடு ஏறினால் அவை கறுத்துவிடும். கோடு கறுத்திருக்கிறதா என்று பார்த்து, மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, 'கிருமி இல்லை' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அதாவது கால் நூற்றாண்டாக நான் தொழில்முறையில் கிருமிகளின் எதிரி. என் வயிற்றுக்குள் ஒரு கூட்டம் அதைப் பற்றிக் கவலையே படாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே முழங்காலுக்கு மேலே எங்கே வலித்தாலும் அது கேஸ். நெஞ்சு வலித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், மருமகள் எதிர்த்துப் பேசி மயக்கம் வந்தாலும் கேஸ்தான். அதற்கு ஒரு மாத்திரை. கல்யாணப் பந்தி முடிந்து கைகழுவிவிட்டு வந்தால், வெற்றிலைத் தட்டு வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "ஒண்ணு போட்டுக்கிடுங்க" என்று நீட்டுவார். வேண்டாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. நானும் என் அட்டையைப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலையில் பல் விளக்கியதும் ஒன்று, அப்புறம் டீ. இது எத்தனை வருஷமாக என்று என்னைக் கேட்டால், எத்தனை வருஷமாகப் பல் விளக்குகிறேன் என்று கேட்டதுபோல விழிப்பேன்.

போன வருஷம் மாத்திரைக்கு அடங்காத எரிச்சல் ஒன்று ஆரம்பித்தது. நாலு கவளம் சாப்பிட்டால் வயிறு நிரம்பிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்தேன் என்று பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மனைவி என் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆணியும் சுத்தியலும் வைத்து நானாகப் போட்ட இரண்டு ஓட்டைகளை விரலால் தடவிக் காட்டினாள்.

"இது எப்ப போட்டீங்க?"

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு முடிந்திருந்தது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கழித்தல் கணக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோகும் வயிற்று டாக்டரிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். எப்படி வந்தது என்பதையும் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, கறுப்புக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். பேசாமல் இருங்கள் என்று வேறு சொன்னார்கள். வாழ்க்கையில் நான் கீழ்ப்படிந்த அறிவுரைகளில் அது ஒன்று. பக்கத்துத் திரையில் என் வயிறு தெரிந்தது. சிவப்பாக, ஈரமாக, கோபமாக இருந்தது. இத்தனை வருஷம் நான் அனுப்பிய பரோட்டாவுக்கெல்லாம் அது இந்த முகத்தோடுதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் கிள்ளிச் சதை எடுத்து, பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் என் சட்டைகளை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று பிரித்துவைத்தேன். யாருக்கும் பொருந்தாது என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்பா கடைசி நாட்களில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் உள்ளே வந்தால் மட்டும் இந்தப் பக்கம் திரும்புவார். அது பாசமா, குற்றச்சாட்டா என்று முப்பது வருஷமாக எனக்குத் தெரியவில்லை. எட்டு நாளும் நானும் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல் மல்லாந்து கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்ல சார்" என்றார். மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்த இடத்தில் நாலு நகம் பதிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஆனால் கிருமி இருக்கிறது என்றார். ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருண்ட உடம்பு, வால் உண்டு, வயிற்றின் அமிலத்திலேயே வாழத் தெரிந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்குமேல் வயிற்றில் இருக்கலாம், பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்றார். நிறையப் பேரை அது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குப் புண் வரும். மிகச் சிலருக்கு, வருஷக்கணக்கில் உட்சுவரை அழற்சியாகவே வைத்திருந்து, கடைசியில் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். வயிற்றுப் புற்றுநோய்க்கு முக்கியமான காரணமே இதுதான், அப்பாவுக்கு இருந்ததால் நீங்கள் இதை ஒழித்தே ஆக வேண்டும், ஒழித்தால் ஆபத்து குறையும், அடியோடு போய்விடும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "கவலையினால வராதா டாக்டர்?"

"கவலைப்பட்டா வலி கூடத் தெரியும், சாப்பாடு இறங்காது. கவலை மட்டும் கேன்சர் ஆகாது சார். இது பத்து வருஷம் இருபது வருஷமா உள்ள நடக்கிற வேலை. உங்க அப்பாவுக்கு இந்தக் கிருமி இருந்துச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு."

பத்து வருஷம், இருபது வருஷம். நான் விரல் விட்டேன். அப்படியானால் அது தொடங்கும்போது நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். ராஜினாமாக் கடிதம் எழுத எனக்கு அப்போது இங்கிலீஷே வராது.

பதினாலு நாள் மாத்திரை. காலையில் ஒரு கை, ராத்திரி ஒரு கை. டீ இரும்பாக ருசித்தது, ரசம் இரும்பாக ருசித்தது, தண்ணீர் துருப்பிடித்த இரும்பாக ருசித்தது. மனைவி செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு என் வாயைத் திறந்து பார்க்காத குறையாக விழுங்கவைத்தாள். முடிந்ததும் நாலு வாரம் விட்டு மலத்தைப் பரிசோதிக்க வேண்டும், அதற்கு முந்தைய இரண்டு வாரம் வயிற்றுக்கான மாத்திரை எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கொடுத்ததையெல்லாம் முடித்து, மிச்சமிருந்த காலி அட்டைகளைக்கூடக் குப்பையில் போட்டேன். குறித்த நாளில் சின்ன டப்பா ஒன்றைத் துணிப்பையில் மறைத்து, கோயில் பிரசாதம்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று அங்கிருந்த பெண் கேட்டது. ஒன்றும் கிடையாது என்று சொன்னேன். நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். வைத்த கைக்குக் கீழேதான் கேஸ் மாத்திரை அட்டை இருந்தது.

அன்று சாயந்திரமே ரிப்போர்ட். கிருமி இல்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அக்கா ஓய்வு பெற்று அங்கே தனியாக இருக்கிறாள். அவள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவா கொண்டுபோன ஆள் நானாகத்தான் இருப்பேன். சந்தோஷம் மனிதனை எந்த அளவுக்கும் கொண்டுபோகும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே இரண்டு தடவை வாசித்தாள். நான் கிருமி வந்த வழி, அரித்த வருஷம், கவலைக்கு அதில் பங்கில்லாதது எல்லாவற்றையும் டாக்டர் சொன்னதைவிட நன்றாக எடுத்துச் சொன்னேன். "ஆக, அப்பாவுக்கு வந்தது என்னால இல்லக்கா" என்று முடித்தேன்.

அக்கா காகிதத்தை மடித்துக் கொடுத்தாள்.

"பால்கோவா எந்தக் கடையில வாங்குன?"

மறுநாள் ஃபேக்டரியில் எல்லோருக்கும் மிச்சர் வாங்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் மனைவியோடு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவரும் சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது, எனக்கும் உடம்பின்மேல் அக்கறை உண்டு என்று அவளுக்குக் காட்டிக்கொள்ள ஒரு கேள்வி கேட்டேன். காலையில் போடுகிற கேஸ் மாத்திரையை இனிமேல் நிறுத்திவிடலாமா?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தக் காலையில?"

தினமும்தான் என்றேன். இன்றைக்கும் போட்டேன், பரிசோதனை அன்றைக்கும் போட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேஸ் மாத்திரையெல்லாம் மாத்திரையா என்று நான் கேட்கவில்லை. முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும். டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். அந்த மாத்திரை உள்ளே இருந்தால் கிருமி சாகாது, எண்ணிக்கை குறைந்து பதுங்கிக்கொள்ளும், பரிசோதனையில் அகப்படாது. அதனால்தான் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னது. இந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இப்படி மாதிரி எடுத்தவனை என் ஃபேக்டரியில் நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். விஷயம் எப்படியோ பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்விட்டது. அங்கே மூத்தவரான ஒரு அம்மா பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "சூடு ஏத்தாமலே சாருக்குக் கோடு கறுத்துப்போச்சாம்ட்டி." மிச்சரைத் திருப்பிக் கேட்க முடியாது.

அதைவிடக் கஷ்டம், அக்காவிடம் சொல்வது. முப்பது வருஷக் கேஸில் விடுதலை ஆகிவிட்டேன் என்று பால்கோவாவோடு போய் அறிவித்தவன், தீர்ப்பு செல்லாது என்று போனில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.  அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதி அச்சான எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"ஏலே, அதெல்லாம் ஒரு மாத்திரையா? நானும்தான் பன்னெண்டு வருசமாப் போடுதேன்."

எனக்கும் வந்திருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். என் விடுதலையைக் கொண்டாடுகிற அவசரத்தில், அப்பாவுக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். சொன்னேன். "சரி, உங்கூடச் சேந்து நானும் நிறுத்துதேன்" என்றாள்.

அந்த இரண்டு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "எம்புட்டு எரியுது?" என்பதுதான் வணக்கம். நான் ராஜபாளையத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, இரண்டு பேரும் எரிச்சலை ஒப்பிட்டுப் பார்த்தோம். நாங்கள் வருஷத்துக்கு நாலு தடவை, பொங்கல் தீபாவளி வகையில் பேசுகிறவர்கள். வயிறு எரிகிறவர்களுக்குப் பேச விஷயம் நிறைய இருக்கிறது என்று தெரிந்தது.

ஒருநாள் பேச்சு அப்பா சாப்பிடுகிற முறைக்குப் போனது. சாயந்திரம் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் கடைசிச் சோற்றை ரசம் விட்டுப் பிசைந்து, ஒரு கவளம் தன் வாயில் போட்டு உப்புப் பார்ப்பார். அதே கையால் உருட்டி அக்கா உள்ளங்கையில் ஒன்று, என் உள்ளங்கையில் ஒன்று வைப்பார். வீட்டுக்குள்தான் தொற்றும் என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். அவர் எங்களுக்குக் கொடுத்தாரோ, நாங்கள் தெருவிலிருந்து அவருக்குக் கொண்டுவந்தோமோ, அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, எரிச்சல் கணக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அக்கா போனை வைக்கவில்லை.

"அப்பா வயிறு எரியுதுன்னு சோடா உப்பு கரைச்சுக் குடிப்பாக, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நான் எட்டாப்பு படிக்கையில. கடைக்குப் போய் வாங்கிட்டு வாரது நாந்தான். அம்மாகிட்டச் சொல்லாதன்னுருவாக. நீ அப்ப ரெண்டாப்பு."

நான் மறுபடி விரல் விட்டேன்.  அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள். மாத்திரை நிறுத்தியதிலிருந்து அவள் பால் வாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். பால் குடித்தால் அவளுக்கு எரிச்சல் கூடியது.

இரண்டு பேரும் ஒரே நாளில் டப்பா கொடுத்தோம். அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுடைய துணிப்பை என்னுடையதைவிட நாகரிகமாக இருந்தது. லேப் பெண் மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டபோது, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சட்டைப்பை, கைப்பை எல்லாவற்றையும் திறந்து காட்டினோம். அவ்வளவு தேவையில்லை என்று அது சொன்னது.

எனக்குக் கிருமி இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. அக்காவுக்கு இருந்தது.

அவளுக்கும் குழாய் விட்டார்கள். அவளுக்கும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தோம், இந்த முறை ஆறே நாள், எனக்கு என் எட்டு நாளைவிட நீளம். என் மனைவி யாருக்கும் தெரியாமல் பெருமாளுக்கும் அந்தோணியாருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டது பின்னால்தான் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, சின்னப் புண், கிருமியை ஒழித்தால் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றபோது அக்கா சொன்னாள்:

"அப்பா விட்டுட்டுப் போனதுல சண்டையில்லாமச் சரிபாதி பிரிஞ்சது இது ஒண்ணுதாம்லே."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவளுக்கு மாத்திரையில் ஒன்பதாம் நாள். மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். அவளுக்கு எல்லாமே இரும்பாக ருசித்ததால் உப்பு அதிகம். எனக்குத் தலைவாழை இலை போட்டு இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு நாலு அடி தள்ளி, சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். கரண்டிகூட எனக்குத் தனி. பெரியவர்களுக்குள் இப்படியெல்லாம் லேசில் தொற்றாது, இவ்வளவு தூரம் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். கைகழுவினால் போதும், பக்கத்தில் வா என்றேன்.

அவள் வரவில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"இருக்கட்டும்லே. நாளைக்கு என்னாலதான் உனக்கு வந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாதுல்ல."

நான் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டேன். உப்பு நிஜமாகவே அதிகம்தான். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.